கல்லாவுக்குப் பின்னாடி ஒரு நாள் நின்னு பாருங்க – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஆப், சாஃப்ட்வேர், வெப்சைட்னு எதுவா இருந்தாலும் அத பயன்படுத்துற ஜனங்கள கவனிச்சு டிசைன் பண்றது பத்தி கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொல்லிருந்தேன். வந்து குவிஞ்சிடுச்சு. பாதிப் பேர் கேள்வியே கேக்கல, பக்கம் பக்கமா புலம்பிருக்காங்க, பரவால்ல, எங்க தொழில்ல புலம்பல்தான் மூலதனம். முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிருக்கேன்.

அக்கா, நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேந்து மளிகைக் கடைக்குன்னே ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுனோம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 20 கடைக்காரங்ககிட்ட போயி என்னென்ன வேணும்னு கேட்டு, சொன்னது எல்லாத்தையும் வெச்சோம். ஸ்டாக் ரிப்போர்ட், லாப ரிப்போர்ட், போன்லயே பாக்கற வசதி எல்லாம் இருக்கு. வாங்கவும் செய்றாங்க. ரெண்டு மாசம் கழிச்சு போய்ப் பாத்தா கம்ப்யூட்டர் மேல துணிய போட்டு மூடி வெச்சுட்டு பழையபடி துண்டுச்சீட்டுல கூட்டிட்டு இருக்காங்க. கேட்டா "சாஃப்ட்வேர் சூப்பர் தம்பி"ங்கறாங்க. எங்க கோட்டை விட்டோம்?
– மதுரை வாசகர்

தம்பி, உங்க லெட்டர்ல 'கேட்டோம்'னு வருது, 'பாத்தோம்'னு ஒரு இடத்துலயும் வரல. சிக்கல் அங்கதான்.

கடைக்காரர்கிட்ட மத்தியானம் மூணு மணிக்கு போயி, அவர் பேப்பர் படிச்சுட்டு இருக்கறப்ப, "அண்ணாச்சி உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டா அவர் என்ன சொல்வாரு, லாப ரிப்போர்ட் வேணும்பாரு. ஏன்னா சாஃப்ட்வேர்னா அப்படி ஏதோ பெரிய விஷயம் செய்யும்னு அவர் கேள்விப்பட்டிருக்காரு. சாயங்காலம் ஆறரைக்கு கடை முன்னாடி எட்டு பேர் நிக்கறப்ப அவர் கை என்ன செய்யுதுன்னு அவருக்கே தெரியாது, தெரிஞ்சாலும் அத ஒரு விஷயமா எடுத்து சொல்லத் தோணாது.

நானும் உங்கள மாதிரி மண்ட காஞ்சு போயிதான் ஒரு மளிகைக் கடைல மூணு நாள் கல்லாவுக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்தேன். மொத நாள் சாயங்காலமே பாதி விஷயம் விளங்கிடுச்சு. ஒரு பாட்டி வந்து "இருவது ரூவாய்க்கு கடலப்பருப்பு"ன்னாங்க. சாஃப்ட்வேர் என்ன கேக்குது, எத்தன கிலோன்னு கேக்குது. கடைக்காரர் மனசுலயே வகுத்து, தராசுல போட்டு, பொட்டலம் கட்டிக் குடுத்துட்டாரு, கம்ப்யூட்டர தொடவே இல்ல. அடுத்து ஒருத்தர் பதினோரு சாமான் சொல்லி பாதி பில் போட்டப்பறம் "அய்யோ எண்ணெய் டின் வண்டில இருக்கு, எடுத்துட்டு வரேன்"னு போயிட்டாரு. பின்னாடி நாலு பேர். அந்த பில்ல ஓரமா நிறுத்தி வெச்சுட்டு அடுத்தவருக்கு போட வழியே இல்ல, அதனால அடுத்தவருக்கு சீட்டு. அப்பறம் ஒரு பொடியன் வந்து "அப்பா சாயங்காலம் குடுப்பாரு"ன்னு சொல்லிட்டு ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டோட ஓடிட்டான். கடன்ல எழுதணும்னா கஸ்டமரோட முழுப் பேர், பத்து இலக்க போன் நம்பர் கட்டாயம்னு செவப்பு எழுத்துல நிக்குது ஸ்க்ரீன்ல, ஆனா கடை நோட்டுல அந்தக் குடும்பத்துக்குப் பேரு "மாடி வீட்டு டீச்சர்", அவ்ளோதான். மவுஸ் எங்கன்னு கேக்காதீங்க, அது அரிசி மூட்டை மேல கவுந்து கெடந்துச்சு. ஒரு கை பொட்டலம் கட்டும், இன்னொரு கை நம்பர் பேட் மேல இருக்கும், மவுஸ் பிடிக்க மூணாவது கை இல்ல.

இதுல எதயாவது அந்த 20 கடைக்காரங்க உங்ககிட்ட சொன்னாங்களா? சொல்லிருக்க மாட்டாங்க. அவங்களுக்கு இது மூச்சு விடற மாதிரி.

இது புதுசா நாம கண்டுபிடிச்ச கஷ்டமும் இல்ல. 1970கள்ல அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல பிராவோன்னு எழுத்து அடிச்சு திருத்தற ஒரு எடிட்டர் சாஃப்ட்வேர் இருந்துச்சு, அந்தக் காலத்துக்கு அபாரம், ஆனா அதுல மோடுன்னு ஒரு வில்லங்கம், ஒரே கீ ஒரு மோடுல எழுத்தா விழும், இன்னொரு மோடுல கட்டளையா வேல செய்யும். கட்டள மோடுல இருக்கோம்ங்கறத மறந்துட்டு எடிட் (edit)ங்கற வார்த்தைய டைப் பண்ணிட்டா, மொத எழுத்து டாக்குமெண்ட் முழுசையும் செலக்ட் பண்ணும், ரெண்டாவது டெலீட் பண்ணும், மூணாவது இன்சர்ட் மோடுக்கு போகும், நாலாவது எழுத்து மட்டும் உள்ள விழும். மொத்த டாக்குமெண்டும் போயி ஒத்த எழுத்து நிக்கும். லாரி டெஸ்லர்னு ஒருத்தர் அங்க இருந்தாரு, அவர் என்ன பண்ணாருன்னா புதுசா வேலைக்கு சேந்த ஒரு செக்ரட்டரிய வெறும் ஸ்க்ரீன் முன்னாடி உக்கார வெச்சாரு. ஆன் பண்ணாத ஸ்க்ரீன். திருத்தம் போட்ட ஒரு தாளக் கையில குடுத்து, இந்த எழுத்தெல்லாம் ஸ்க்ரீன்ல இருக்கறதா நெனச்சுக்கோங்க, இந்தத் திருத்தத்த எப்படி பண்ணுவீங்கன்னு கேட்டாரு. அந்தம்மா எந்தக் கட்டளையும் சொல்லல, விரல நீட்டி இந்த எடத்துல நுழைப்பேன், இத அடிப்பேன்னு இடத்த சுட்டிக் காட்டிட்டே போனாங்க. அப்ப ஜெராக்ஸுக்கு சொந்தமா ஜின்னுன்னு ஒரு பாடப்புத்தக கம்பெனி பாஸ்டன் பக்கம் இருந்துச்சு. டெஸ்லரும் டிம் மாட்டுங்கறவரும் அங்க புத்தகத்த திருத்தற எடிட்டருங்களுக்காக ஜிப்ஸின்னு ஒரு சாஃப்ட்வேர் எழுதுனாங்க. அந்த எடிட்டருங்க நெஜமாவே கத்திரிக்கோலால தாள வெட்டி கோந்து போட்டு ஒட்டி வேல பாத்தவங்க. இன்னைக்கு நாம செலக்ட் பண்ணி கட், காப்பி, பேஸ்ட் பண்றோமே, அந்தப் பழக்கம் வந்த வழி இதுதான். டெஸ்லர் 2020ல செத்துப்போனாரு, கடைசி வரைக்கும் அவருக்கு மோடுன்னாலே ஆகாது.

சரி நீங்க என்ன பண்ணணும்னா, புது வசதி எழுதறத ஒரு மாசம் நிறுத்துங்க. மூணு கடைய புடிங்க. மாசத்தோட மொத வாரம், சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டரை வரைக்கும், அதான் சாமான் வாங்கற கூட்டம் வர்ற நேரம், கல்லாவுக்குப் பின்னாடி நில்லுங்க. முன்னாடி நின்னா நீங்களும் ஒரு கஸ்டமர் மாதிரிதான், ஒண்ணும் தெரியாது. லேப்டாப் வேணாம், ஒரு நோட்டு போதும். சிஸ்டம் ஆன்ல இருக்கறப்பவே அவர் எப்பல்லாம் சீட்டுக்கு தாவுறாரோ அந்த நொடிய குறிச்சுக்கோங்க, கூட்டம் கொறஞ்ச உடனே "அப்ப ஏன்ணே சீட்டுல எழுதுனீங்க"ன்னு கேளுங்க, மறுநாள் கேட்டா வேற ஏதோ காரணம் சொல்வாரு. உதவி மட்டும் பண்ணிடாதீங்க. கை பரபரங்கும், "அண்ணே எஃப் 4 அமுக்குங்க"ன்னு சொல்ல வாய் வரும், சொல்லிட்டீங்கன்னா அன்னைக்கு பாத்தது வீண். கேரன் ஹோல்ட்ஸ்பிளாட், ஹ்யூ பேயர்னு ரெண்டு பேர் இந்த மொறைய ஒழுங்கா எழுதி வெச்சிருக்காங்க, அவங்க சொல்றது என்னன்னா ஆராய்ச்சியாளர் மாதிரி போகாதீங்க, தொழில் கத்துக்க வந்த பையன் மாதிரி போங்கன்னு. கடைக்காரர் குரு, நீங்க எடுபிடி. நம்மூர்ல இது ரொம்ப சுலபமா நடக்கும், எடுபிடியா நின்னா டீயும் கெடைக்கும்.

அந்த "சூப்பர் தம்பி"க்கு என்ன அர்த்தம்னா நீங்க நல்ல புள்ளைங்க, மூஞ்சிக்கு நேரா மனச நோகடிக்க வேணாம்னு.

ஆயிரம் பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, "ஆப் பிடிச்சிருக்கா"ன்னு கேட்டோம், முக்காவாசிப் பேர் பிடிச்சிருக்குன்னாங்க. இது யூசர் ரிசர்ச் இல்லயா?
– கோயம்புத்தூர் வாசகி

கல்யாண வீட்டு பந்தில எந்திரிக்கறப்ப "சாப்பாடு எப்படி"ன்னு கேட்டா என்ன சொல்வீங்க? அதான். இலைல என்ன மிச்சம் இருக்குன்னு பாத்தா தெரியும் சமையல் எப்படின்னு.

ஃபார்ம் முழுக்க வேஸ்ட்னு சொல்லல. எத்தன பேர், எந்த போன், எந்த நேரம் பயன்படுத்தறாங்கங்கற மாதிரி எண்ணிக்கைக்கு அது சரி. ஜான் புரூக்குன்னு ஒருத்தர் 1986ல ஒரு பொருள் பயன்படுத்த எவ்ளோ சுலபம்னு அளக்க பத்தே கேள்வில ஒரு அளவுகோல் பண்ணாரு, எஸ்யூஎஸ்னு சொல்வாங்க, இன்னிக்கும் ஓடுது, நூத்துக்கு எத்தனன்னு மார்க் வரும், 68 சுமாரான சராசரின்னு வெச்சுக்கலாம். ஆனா அதயும் ஒரு வேலைய செய்ய வெச்சுட்டு அப்பறம் குடுக்கணும், சும்மா வாட்ஸப்ல தட்டி விடக்கூடாது. அப்படியே 55 மார்க் வந்தாலும் எது வலிக்குதுன்னு அந்த நம்பர் சொல்லாது. காய்ச்சல் 102னு தெர்மாமீட்டர் சொல்லும், டைஃபாய்டா மலேரியாவான்னு சொல்லாது.

ஆப்ப 5 பேர்கிட்ட குடுத்து, அவங்க பயன்படுத்தறத பாத்து டெஸ்ட் பண்ணா போதும்னு படிச்சேன், மேனேஜர்கிட்ட சொன்னா "5 பேர் ஒரு சாம்பிளா"ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சுட்டாரு. எது சரி?
– சென்னை, பெருங்குடி வாசகர்

ரெண்டு பேருமே பாதி சரி. ஜேக்கப் நீல்சன், தாமஸ் லாண்டவர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1993ல ஒரு கணக்கு போட்டாங்க. அவங்க பாத்த பிராஜெக்டுகள்ல சராசரியா ஒரு ஆள் டெஸ்ட் பண்ணா இருக்கற பிரச்சனைல 31 சதவீதம் வெளிய வந்துச்சு. ரெண்டாவது ஆள் பழசுல கொஞ்சம் புதுசுல கொஞ்சம் காட்டுவாரு, அப்படியே போனா அஞ்சாவது ஆள்ல கிட்டத்தட்ட 85 சதவீதம் வந்துடும், அதுக்கு மேல ஆள் சேக்க சேக்க பாத்ததையே பாப்பீங்க. 2000ல நீல்சன் இத தனியா ஒரு கட்டுரையா எழுதுனாரு, அதுலேர்ந்து "5 பேர்" பழமொழி மாதிரி ஆயிடுச்சு.

ஆனா அந்த 31 ஒரு சராசரி, உங்க ஆப்புக்கு அதே வரும்னு சட்டம் இல்ல. பத்து பேர்ல ஒருத்தருக்கு மட்டும் வர்ற சிக்கல்னு வெச்சுக்கோங்க, அது 5 பேர்ல கண்ணுல படறதுக்கு வாய்ப்பு 41 சதவீதம்தான், நீங்களே 0.9ஐ அஞ்சு தடவ பெருக்கி 1லேர்ந்து கழிச்சுப் பாருங்க. அப்பறம் 5 பேர்னா ஒரே ரகமான ஆளுங்க 5 பேர். ஆட்டோ ஓட்டறவங்களும் பயணிகளும் பயன்படுத்தற ஆப்னா அங்க 5 இங்க 5. மேனேஜர்கிட்ட போயி, "சார் 15 பேருக்கு காசு குடுங்க, ஆனா ஒரே வாட்டில பண்ண மாட்டேன், 5 பேர், திருத்தம், 5 பேர், திருத்தம், 5 பேர்"னு சொல்லிப் பாருங்க. இன்னொண்ணு, மொத ஆள் டெஸ்ட் பண்றப்ப அவர பக்கத்துல உக்கார வெச்சுடுங்க, வாயத் தொறக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டு. ஒரு மனுஷன் உங்க 'நெக்ஸ்ட்' பட்டன தேடி மூணு நிமிஷம் தவிக்கறத பாத்துட்டா சிரிப்பு நின்னுடும்.

எங்க டீம் லீட் எதுக்கெடுத்தாலும் "யூசருக்கு அறிவில்ல, ட்ரெயினிங் குடுத்தா சரியாயிடும்"ங்கறாரு. நான் என்ன பதில் சொல்றது?
– ஓசூர் வாசகர்

ரெண்டு கதை சொல்றேன், டீ ப்ரேக்ல அவர்கிட்ட சொல்லுங்க.

ரெண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்காவோட பி-17 குண்டுவீச்சு விமானம் ஒழுங்கா தரையிறங்குனதுக்கு அப்பறம், ஓடுபாதையிலயே சக்கரம் மடங்கி வயித்த தரையில உரசிட்டு நின்னுச்சு, ஒண்ணு ரெண்டு இல்ல, அடிக்கடி. பைலட் தப்பு பைலட் தப்புன்னே எழுதிட்டு இருந்தாங்க. அல்போன்ஸ் சபானிஸ்னு ஒரு உளவியல்காரர் காக்பிட்ல போயி பாத்தாரு. சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கையோட ஃபிளாப்புக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே மாதிரி. களைச்சுப் போயி எறங்கற மனுஷன் ஃபிளாப்ப மடக்கறேன்னு சக்கரத்த மடக்கிட்டாரு. சபானிஸ் ட்ரெயினிங் எதுவும் குடுக்கல, ஒண்ணு மேல குட்டியா ஒரு ரப்பர் சக்கரம் ஒட்டுனாரு, இன்னொண்ணு மேல ஃபிளாப் மாதிரி சரிவா ஒரு துண்டு. கை தடவுனாலே தெரியும். இன்னிக்கும் பயணிகள் விமானத்துல அந்த பிடிகளுக்கு அந்த வடிவம்தான் இருக்கணும்னு விதியே இருக்கு.

ரெண்டாவது 1979 மார்ச் 28, பென்சில்வேனியாவுல த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். ஒரு வால்வு மூடாம தொறந்தே நின்னுடுச்சு. ஆனா பேனல்ல இருந்த விளக்கு வால்வு மூடிடுச்சுன்ன மாதிரி காட்டுச்சு. அந்த விளக்கு உண்மைல என்ன காட்டுச்சுன்னா 'மூடுன்னு உத்தரவு போயிடுச்சு'ங்கறத மட்டும். ரெண்டு மணி நேரத்துக்கும் மேல உலைய குளிர வெக்கற தண்ணி வெளிய போயிட்டே இருந்துச்சு, உலை பாதி உருகிடுச்சு. அங்க இருந்தவங்க அறிவில்லாதவங்க இல்ல, பயிற்சி வாங்குன ஆபரேட்டர்ஸ்.

இப்ப உங்க ஆப்ப தொறந்து பாருங்க, 'சேவ் ஆயிடுச்சு'ன்னு பச்ச டிக் வருதே, அது சர்வர்ல சேவ் ஆனப்பறம் வருதா, இல்ல பட்டன அமுக்குன உடனே வருதா? லீட்கிட்ட அத கேளுங்க.

எங்க ஆப்புக்கு தமிழ் சேத்து ஆறு மாசம் ஆச்சு. அரும்பாடுபட்டு நல்ல தமிழ்ல மொழிபெயர்த்தோம். தமிழ்ல பேசறவங்களே இங்கிலீஷுக்கு மாத்திக்கறாங்க. நம்மாளுங்களுக்கு தமிழ் மேல பற்றே இல்லயா?
– திருச்சி வாசகர்

பற்ற விடுங்க, உங்க பட்டன்ல என்ன எழுதிருக்குன்னு சொல்லுங்க. 'சமர்ப்பிக்கவும்'னு இருக்கா? கோயில்ல மாலை சமர்ப்பிக்கற மாதிரி இருக்கு. ரீசெட்டுக்கு 'மீட்டமை'ன்னு இருக்கா? எதயோ மீட்டுக் குடுக்கப் போகுதுன்னு நெனச்சு அமுக்கி, ஃபார்ம்ல எழுதுனது எல்லாம் அழிஞ்சு போயி என்கிட்ட திட்டு வாங்க வெச்ச வார்த்தை அது. இன்னொரு பக்கம் 'கடவுச்சொல்'ல பாருங்க, நானே ஆரம்பத்துல கிண்டல் பண்ணேன், இப்ப டெஸ்ட்டுக்கு வர்ற பலரும் தடுமாறாம புரிஞ்சுக்கறாங்க. எந்த வார்த்த ஒட்டும் எது ஒட்டாதுன்னு ஏசி ரூம்ல உக்காந்து முடிவு பண்ண முடியாது.

ஆப்பிள் கம்பெனிக்கே இது நடந்திருக்கு. 1983ல வந்த லிசா கம்ப்யூட்டர தயார் பண்றப்ப, ஸ்க்ரீன்ல வர்ற பெட்டில 'டூ இட்' (Do It)னு ஒரு பட்டன் வெச்சிருந்தாங்க, செய்னு அர்த்தம். டெஸ்ட்டுக்கு வந்த ஒருத்தருக்கு ஒரே எரிச்சல், ஏன்னு கேட்டா அவர் அத 'டோல்ட்' (Dolt)னு படிச்சிருக்காரு, மட்டின்னு அர்த்தம், கம்ப்யூட்டர் என்னைய மட்டிங்குதுன்னு கோவம். அதுக்கப்பறம்தான் 'ஓகே' ஆச்சு. தாய்மொழிலயே, ரெண்டே வார்த்தைல இந்தக் கூத்து.

வழி ரொம்ப சுலபம். பட்டன்ல எழுத்தே இல்லாம ஸ்க்ரீன பிரிண்ட் எடுத்து, "இத அமுக்குனா பணம் போகும், இதுக்கு என்ன பேர் வெக்கலாம்"னு பத்து பேர்கிட்ட வாயால சொல்ல சொல்லுங்க. 'அனுப்பு'ன்னு வரும், 'பணம் அனுப்பு'ன்னு வரும், யார் வாயிலயும் 'பரிவர்த்தனையைத் தொடரவும்'னு வராது. இன்னொண்ணு, மொழிபெயர்ப்ப எக்ஸெல் ஷீட்ல பாக்காதீங்க, போன்ல பாருங்க. இங்கிலீஷ்ல நாலு எழுத்துல முடியற பட்டன் தமிழ்ல பதினாலு எழுத்து ஆயி பாதியில புள்ளி புள்ளியா நிக்கும், வரிக்கு நடுவுல எடம் பத்தாம 'கீ' மேல இருக்கற சுழி வெட்டுப்படும், அத படிக்க முடியாமத்தான் அவங்க இங்கிலீஷுக்கு ஓடிருப்பாங்க. நீங்க பற்று இல்லன்னு பழி போடறீங்க.

எங்கம்மாவுக்கு ஒருத்தன் போன் பண்ணி "உங்களுக்கு 5,000 ரூபா அனுப்பிருக்கேன், பின் நம்பர் போட்டா வந்துடும்"னு சொல்லி, அம்மாவும் யூபிஐ பின்ன போட்டு பணம் போயிடுச்சு. படிச்சவங்க, ரிட்டையர்டு டீச்சர். எப்படி ஏமாந்தாங்கன்னே புரியல.
– சேலம் வாசகி

மொதல்ல, இன்னும் புகார் குடுக்கலன்னா உடனே 1930ங்கற சைபர் மோசடி புகார் நம்பருக்கு போன் போடுங்க, பேங்க்லயும் சொல்லுங்க, லேட் ஆக ஆக பணம் திரும்பற வாய்ப்பு கொறயும். அம்மாவ திட்டாதீங்க.

எப்படி ஏமாந்தாங்கன்னா, எனக்கு தோணறத சொல்றேன். அம்மாவுக்கு பின் நம்பர்ங்கறது எங்க பழக்கம்? ஏடிஎம்ல. அங்க பின் போட்டா என்ன ஆகும், காசு கைக்கு வரும். இத்தன வருஷமா பின் போட்டா காசு வரும்னு மெஷினே சொல்லிக் குடுத்துருக்கு. இப்ப ஒருத்தன் போன்ல பின் போடுங்க காசு வரும்ங்கறான், அது அவங்க அனுபவத்துக்கு ரொம்ப ஒத்துப் போகுது. யூபிஐல பின் போட்டா காசு போகும் மட்டும்தான், வர்றதுக்கு பின் தேவையே இல்ல, இத விளம்பரத்துல கத்திக் கத்தி சொல்றாங்க, ஆனா அந்த ஸ்க்ரீன்லயே 'உங்க கணக்குலேர்ந்து 5,000 ரூபா போகப் போகுது'ன்னு பெருசா, தமிழ்ல, இருந்திருந்தா அம்மா ஒரு நொடி நின்னுருப்பாங்க. இப்படி பணம் கேட்டு வர்ற செய்திக்கு வெச்ச 'கலெக்ட் ரிக்வெஸ்ட்'ங்கற பேரே பாருங்க, கலெக்ட்னா நாம வாங்கிக்கறதுன்னுதான யாருக்கும் தோணும். தனி ஆள் இன்னொரு தனி ஆள்கிட்ட அப்படி பணம் கேக்கற வசதிய 2025 அக்டோபர் 1லேர்ந்து யூபிஐய நடத்தற என்பிசிஐ நிறுத்திடுச்சு, யூபிஐ வந்தது 2016ல, ஒம்போது வருஷம் ஆச்சு. ஏமாத்தறவன் வேற வழி கண்டுபிடிப்பான், அது வேற.

கிராமத்துல படிக்கத் தெரியாத பெண்களுக்காக ஒரு ஆப் பண்றோம். எழுத்துக்கு பதிலா ஐகான் போட்டா போதுமா?
– விழுப்புரத்துல ஒரு தொண்டு நிறுவனத்துல வேல பாக்கற வாசகி

போதாது, ஆனா பாதி வழி வந்துட்டீங்க. பெங்களூர்ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல இந்திராணி மேதி இதே விஷயத்துல பல வருஷம் வேல பாத்திருக்காங்க, வீட்டு வேல செய்யற பெண்களோட உக்காந்து, வேல தேடறதுக்கு எழுத்தே இல்லாத ஒரு ஸ்க்ரீன் பண்ணாங்க, 2006லயே கட்டுரை வந்துச்சு. அதுல எனக்கு மறக்காத விஷயம் ஒண்ணு உண்டு. பாத்திரம் கழுவற வேலைக்கு சிங்க்கும் பாத்திரமும் வரைஞ்சா அவங்க அத 'சமையக்கட்டு'ன்னு இடமாத்தான் எடுத்துக்கிட்டாங்க, 'கழுவற வேல'ன்னு எடுத்துக்கல. குழாய்லேர்ந்து தண்ணி கொட்டற மாதிரி வரைஞ்ச அப்பறம்தான் அது வேலையா தெரிஞ்சுது. அதே மாதிரி கொதிக்கற பாத்திரத்துக்கு ஆவி. அப்பறம் போட்டோவ விட, ரொம்ப சுருக்குன ஐகான விட, கையால வரைஞ்ச படம் நல்லா புரிஞ்சுது. குரலும் சேத்தாங்க, எத தொட்டாலும் அவங்க மொழில பேசும்.

இதெல்லாம் சரியா இருந்தும் ஒரு தயக்கம் இருந்துச்சாம். இந்தப் பெட்டிக்கும் என் வேலைக்கும் என்ன சம்பந்தம், இதுக்குள்ள வேல எப்படி வந்துச்சுன்னு அவங்களுக்கு பிடிபடல. அதுக்காக ஒரு சின்ன வீடியோ எடுத்தாங்க, ஒரு முதலாளியம்மா வேலைக்கு ஆள் வேணும்னு சொல்றதுலேர்ந்து அந்த விவரம் கம்ப்யூட்டருக்குள்ள வந்து ஒரு பொண்ணு அதப் பாத்து வேலைக்கு போற வரைக்கும். நீங்களும் ஐகான் வரையறதுக்கு முன்னாடி, இந்த ஆப் அவங்க வாழ்க்கைல எங்க வந்து ஒட்டும்னு அவங்க என்ன நெனைக்கறாங்கன்னு கேட்டுப் பாருங்க. போன் யாரோடதுன்னும் பாருங்க, பல வீட்டுல அது புருஷன் பாக்கெட்ல இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் இந்தம்மா கைக்கு வரும்.

கோடிங்கே இன்னும் ஆரம்பிக்கல. எதக் காட்டி டெஸ்ட் பண்றது?
– புதுச்சேரி வாசகர்

பேப்பர்ல வரைஞ்சு காட்டுங்க, அவர் விரலால 'பட்டன' தொட்டா நீங்க அடுத்த தாள எடுத்து வைங்க, நீங்கதான் கம்ப்யூட்டர். கேக்க விளையாட்டா இருக்கும், ஆனா ஐபிஎம் மாதிரி கம்பெனியே இத பண்ணிருக்கு. பேசுனா டைப் ஆகற மெஷின் வந்தா ஜனங்க எப்படி பயன்படுத்துவாங்கன்னு பாக்க, அப்படி ஒரு மெஷின் இல்லாத காலத்துலயே, மைக்ல ஒருத்தர பேச வெச்சு, இன்னொரு ரூம்ல ஒரு டைப்பிஸ்ட ஒளிச்சு வெச்சு அடிக்க வெச்சாங்க. பேசறவருக்கு ஸ்க்ரீன்ல தானா வர்ற மாதிரி இருக்கும். ஜான் கூல்டும் கூட இருந்தவங்களும் 1983ல அத எழுதிருக்காங்க. பேப்பர்ல பண்ணா இன்னொரு லாபம், அழகா இல்லாததால ஜனங்க கூசாம குறை சொல்வாங்க. பளபளன்னு காட்டுனா கலர் நல்லாருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சுடுவாங்க.

நான் எம்.ஏ. சமூகவியல். கோடிங் தெரியாது. இந்த வேலைக்கு வர முடியுமா?
– திருநெல்வேலி வாசகி

தாராளமா. மொத பதில்ல சொன்ன அதே ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல லூசி சச்மன்னு ஒரு மானுடவியல்காரங்க இருந்தாங்க. கம்பெனியோட ஜெராக்ஸ் மெஷின் ரொம்ப குழப்புதுன்னு கஸ்டமர்ஸ் புகார், விளம்பரத்துலயோ பச்ச பட்டன அமுக்குனா போதும்னு இருக்கு. அவங்க அந்த ஆராய்ச்சிக் கூடத்துல இருக்கற ஆளுங்களையே மெஷின் முன்னாடி நிக்க வெச்சு வீடியோ எடுத்தாங்க. பெரிய பெரிய கம்ப்யூட்டர் விஞ்ஞானிங்க ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் காப்பி எடுக்கத் தெரியாம திணறறது அதுல இருக்கு. 1987ல அத வெச்சு புத்தகமே எழுதுனாங்க, இந்தத் துறைல வர்றவங்க இன்னிக்கும் படிக்கறாங்க. உங்க எம்.ஏ.ல களப்பணி பண்ணிருப்பீங்கல்ல, அந்த நோட்ட தூக்கிப் போட்டுடாதீங்க, இன்டர்வியூவுக்கு எடுத்துட்டு போங்க. ஸ்க்ரீன் வரையற ஃபிக்மா மாதிரி டூலெல்லாம் அப்பறம் கத்துக்கலாம்.

போன்ல 1-2-3 மேல இருக்கு, கால்குலேட்டர்ல 7-8-9 மேல இருக்கு. ஏன் இப்படி?
– பள்ளி மாணவர், ஈரோடு

நல்ல கேள்வி கண்ணு. கால்குலேட்டர் பழைய கணக்கு மெஷின் வழில வந்தது. போன் பட்டன, அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல ஜான் கார்லின்னு ஒரு உளவியல்காரரோட டீம், பல மாதிரி அடுக்கி ஜனங்கள வெச்சு அமுக்க சொல்லி, எத்தன நேரம் ஆகுது, எத்தன தப்பு வருதுன்னு எண்ணிப் பாத்து தேர்ந்தெடுத்தாங்க. 1963ல வெளிய வந்துச்சு. உங்க வீட்டுல பட்டன் போன் இருந்தா எடுத்துப் பாரு.

டெஸ்ட்டுக்கு வர்றவங்களுக்கு காசு குடுக்கணுமா? குடுத்தா நல்ல விதமாத்தான சொல்வாங்க?
– சென்னை வாசகி

குடுக்கணும். தள்ளுவண்டிக்காரர் ஒரு மணி நேரம் உங்ககூட உக்காந்தா அவருக்கு ஒரு மணி நேர வியாபாரம் போச்சு. டெஸ்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கவர கையில குடுத்துட்டு, "இது உங்க நேரத்துக்கு, நடுவுல எந்திரிச்சு போனாலும் உங்களோடதுதான்"னு சொல்லிடுங்க, கடைசில குடுத்தாத்தான் நல்ல விதமா சொல்ல தோணும். இத நான் பண்ணலன்னும் சொல்லிடுங்க, வேற டீம் பண்ணது நான் சும்மா சோதிக்கறேன்னு, அப்பதான் கூச்சமில்லாம திட்டுவாங்க, நான் பண்ணாத டிசைனுக்கு மட்டும்தான் இதச் சொல்வேன், பொய் சொல்ல வேணாம் பாருங்க. வீடியோ எடுத்தா எதுக்கு, யார் பாப்பாங்க, எப்ப அழிப்பீங்கன்னு சொல்லி சம்மதம் வாங்கணும். டீயும் குடுங்க, ஆனா முடிஞ்ச அப்பறம். எனக்கு ஒரு லேப்டாப் அப்படித்தான் போச்சு.